ஏரியை எழுப்பிய டிபன் டப்பா

எனக்குச் சத்தமாகப் பேச வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொல்கிறேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால், கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான். (ஒரு தடவை அடுத்த நிறுத்தத்திலும் வாய் வரவில்லை. வில்லியனூர் வரை போய்விட்டேன்.) முப்பது வருஷம் மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தேன். அங்கே இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அதைவிடத் தோதான வேலை உலகத்தில் இல்லை.

இப்படிப்பட்ட நான் மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழி மாதத்துக் காலையில், பாண்டிச்சேரிக்குப் பக்கத்து ஊசுட்டேரியில் இருந்த அத்தனை பறவைகளையும் ஒரே நேரத்தில் வானத்துக்கு அனுப்பி வைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஊரே சொல்லிச் சிரிக்கிற கதையை நானும் ஒரு முறை என் வாயால் சொன்னால் என்ன?

என் கடைசி மகள் அமுதா. அவள் வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடிவிட்டார்கள். அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அதற்குப் பிறகு ஐந்து இடத்தில் வேலை கேட்டாள். ஐந்து இடத்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. வீட்டில் முடங்கி உட்கார்ந்திருந்தவள், ஒரு நாள் விடிகாலையில் ஸ்கூட்டரை எடுத்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"ஏரிக்கும்மா. பறவை பாக்க."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வந்துடுவேன்."

"புடிக்க மாட்டியா?"

"அம்மா!" என்று அவள் பார்த்த பார்வையில் நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன்.

எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. நான் பிறந்தது அந்த ஏரியை ஒட்டின கிராமத்தில். எங்களுக்கு ஏரி என்றால் வேலை. கோரை அறுக்கப் போவோம், நத்தை பொறுக்கப் போவோம், மாடு கழுவப் போவோம். சும்மா பார்க்க ஏரிக்குப் போன ஒருவரை நான் கண்டதில்லை. அப்படி யாராவது நின்று பார்த்திருந்தால், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கைப்பிடித்துக் கூட்டி வந்திருப்போம்.

ஒரு வருஷம் இப்படிப் போய் வந்தாள். நோட்டில் படம் வரைந்தாள். புத்தகம் படித்தாள். சுவர் முழுக்கப் பறவைப் படம் ஒட்டினாள். பிறகு ஒரு நாள் ஓடி வந்து சொன்னாள்: ஏரியைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்க வனத்துறைக்கு வழிகாட்டி ஒருவர் வேண்டுமாம். நடைபாதை, பார்வைக் கோபுரம், படகு எல்லாம் இருக்கிறது, எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுப் பேரைச் சேர்த்துக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும். அதிகாரி ஒருவர் கூடவே நடந்து வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை.

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஜவுளிக்கடைக்குப் போன காலத்தில்கூட நான் பார்த்ததில்லை. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் இவள் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்கிற பயம் எனக்கு இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. எட்டுப் பேரில் ஒருவருக்குக் காய்ச்சல். எட்டு இல்லையென்றால் நடை கிடையாது. அமுதா யார் யாருக்கோ போன் போட்டாள். மார்கழிப் பனியில் ஐந்து மணிக்கு எழுந்து வர எவரும் தயாராக இல்லை. கடைசியில் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீ வா."

"நானா? நான் இன்னாடி பண்ணுவேன் அங்க?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அதான் வேணும். பேசாம வரணும். உன்ன மாதிரி பேசாம இருக்குற ஆளு இந்தப் பாண்டிச்சேரியிலயே கெடையாது."

என் வாழ்க்கையில் என்னுடைய கூச்சத்தை யாரும் தகுதியாகச் சொன்னதில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. (அந்தப் பெருமைக்கு ஆயுசு பன்னிரண்டு மணி நேரம்.)

ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் பாடம் நடந்தது. பளிச்சென்ற சேலை கட்டக் கூடாது, பறவை மிரளும். கண்ணாடி வளையல் கூடாது. நான் பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். எதுவும் ஆகாது என்றாள். கடைசியில் அடியில் கிடந்த மண் நிறச் சேலையைப் பார்த்து, "இதான்! இத கட்டு" என்று குதித்தாள்.

"அது எழவு வீட்டுக்குக் கட்டிட்டுப் போறதுடி."

"பறவைக்குத் தெரியாது."

அடுத்த பாடம்தான் முக்கியமானது. நான் அவளுடைய அம்மா என்று யாருக்கும் தெரியக் கூடாது. வீட்டு ஆளை வைத்து எண்ணிக்கையை நிரப்பிவிட்டாள் என்று பெயர் வந்துவிடும். யாராவது எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், பேப்பரில் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பொய் வராது. வராத பொய்யை வரவழைக்கப் பாத்திரம் விளக்கும்போதும், பால் காய்ச்சும்போதும், பாய் விரிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். "பேப்பர்ல பாத்தன். பேப்பர்ல பாத்தன்."

விடிகாலையில் அமுதா ஒன்றும் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்றாள். நான் விடுவேனா? நாலு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி, கைக்கு அகப்பட்ட எவர்சில்வர் டப்பாவில் அடைத்து என் பையில் போட்டுக்கொண்டேன். நடை முடிந்ததும் ஒரு ஓரமாக அவள் கையில் கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று கணக்குப் போட்டேன்.

ஏரி வாசலுக்கு எட்டத்திலேயே ஸ்கூட்டரை நிறுத்தி என்னை இறக்கிவிட்டாள். "நான் உள்ள போயிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு நீ நடந்து வா. என்னைத் தெரியாத மாதிரி வா." பெற்ற பெண்ணைத் தெரியாத மாதிரி எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி நடந்தேன்.

வாசலில் அதிகாரி நின்றிருந்தார். நல்ல உயரம், பச்சைச் சட்டை, கையில் ஒரு அட்டை, அதில் பேனா தொங்கிற்று.

"வாங்கம்மா. பேரு?"

"பேப்பர்ல பாத்தன்."

"பேரும்மா, உங்க பேரு."

"பேப்பர்லதாங்க பாத்தன்."

அமுதா பின்னாலிருந்து இருமினாள். அதிகாரி என்னைக் காது கேட்காத கிழவி என்று முடிவு கட்டிக்கொண்டார். அட்டையில் எதையோ எழுதிக்கொண்டு, சைகையால் உள்ளே போகச் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. செவிடு என்றால் இனி யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

வந்திருந்தவர்களைப் பார்த்தேன். பணி ஓய்வு பெற்ற டீச்சர்கள் இருவர். காலேஜ் பெண்கள் இருவர். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத ஒரு சென்னை ஜோடி. (புது மாப்பிள்ளை, பெண்டாட்டியை நோணாங்குப்பத்தில் படகு சவாரிக்குக் கூட்டிப் போகாமல், இந்தப் பனியில் நாமக்கோழி பார்க்கக் கூட்டி வந்திருக்கிறான். அந்தப் பெண்ணின் பெற்றோரை நினைத்து நான் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.) அப்புறம் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். என் வயது இருக்கும். மூன்று கால் வைத்த பெரிய கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு, "போன்ழூர் மதாம்" என்று எனக்குத் தலைவணங்கினார். என்னை யாரும் மதாம் என்று கூப்பிட்டதில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. என்னைத்தான்.

நடை ஆரம்பித்தது. கரைமேல் நடைபாதை, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். கொஞ்ச தூரம் போனதும் கரை ஓரத்தில் தளதளவென்று பொன்னாங்கண்ணி மண்டிக் கிடந்தது. என் கை சும்மா இருக்குமா? இரண்டு பிடி பிடுங்கிப் பையில் போட்டுவிட்டேன். அதே நேரம் முன்னால் அமுதா சொல்லிக்கொண்டிருந்தாள்:

"இங்க நீங்க நடக்கலாம், உக்காரலாம், படம் வரையலாம், போட்டோ எடுக்கலாம், அப்புறம் படகுல போகலாம். ஆனா இங்கேருந்து ஒரு எல, ஒரு இறகுகூட எடுத்துட்டுப் போகக் கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லோரும் நகர்ந்த பிறகு, குனிந்து பொன்னாங்கண்ணியைத் திரும்ப மண்ணில் செருகிவிட்டு, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டு வந்தேன். நிமிர்ந்தால் அந்தப் புது மணப்பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேப்பர்ல பாத்தன்" என்றேன் அவளிடம்.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி என் மகள்தான். வீட்டில் கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிறவள், அங்கே எட்டுப் பேருக்கு நடுவில் நின்று, குரலை உயர்த்தாமல், தடுமாறாமல் பேசினாள். பாம்பு மாதிரிக் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நீந்துகிறதே, அது பாம்புத்தாரா. தண்ணீரில் மிதக்கிற கறுப்புக் கூட்டம் நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமம் பாருங்கள். தூரத்தில் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்குகிறவை ஊசிவால் வாத்துகள், எந்த நாட்டிலிருந்தோ கடல் மலை தாண்டி வந்து இங்கே ஓய்வெடுக்கின்றன. அதிகாரிகூட அட்டையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் ஒருத்தி இன்னொருத்தியிடம், "இந்தப் பொண்ண பெத்தவ குடுத்து வெச்சவ" என்று சொன்னது என் காதில் விழுந்தது. செவிட்டுக் கிழவியாக இருந்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

கரை வளைகிற இடத்தில் எல்லோரையும் நிறுத்தினாள். அங்கேதான் பறவை அதிகம். இனி ஒரு சத்தம் கூடாது என்று உதட்டில் விரலை வைத்தாள். சொல்தா கேமராவை ஊன்றி, தூங்குகிற வாத்துக் கூட்டத்துக்கு நேராக வைத்து, மூச்சு விடுகிறாரா என்று சந்தேகப்படும்படி நின்றார். மற்றவர்களுக்கு அமுதா தூரக் கண்ணாடி கொடுத்தாள். எனக்கும் ஒன்று கழுத்தில் மாட்டி, "பாருங்கம்மா" என்றாள், அந்நியரிடம் சொல்வது போல.

நான் கண்ணில் வைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஐந்தாவது முடித்ததும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து கல்யாணம் ஆகும் வரைக்கும் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயலில் நின்று பறவை விரட்டுவது. கையில் ஒரு மண்ணெண்ணெய் டின், ஒரு குச்சி, அப்புறம் என் தொண்டை. அந்தக் காலத்தில் எனக்குக் குரல் இருந்தது. நான் இந்தக் கரையில் கூவினால் அந்தக் கரையில் கொக்கு எழும்பும் என்று ஊரில் சொல்வார்கள். மனுஷரிடம் பேசத்தான் கூச்சம், பறவையிடம் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. கல்யாணம் ஆனதும் அந்தக் குரலைக் கழற்றி வைத்துவிட்டேன். அது எங்கேயோ போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

கண்ணாடியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பச்சையாகத் தெரிந்தது. நெல் வயல். கதிர் வெளியே வந்து பால் பிடித்து நிற்கிறது. அதற்கு நடுவில், என் மூக்குக்கு நேரே, கை நீட்டினால் கழுத்தைப் பிடித்துவிடலாம் என்கிற தூரத்தில், ஒரு கானாங்கோழி. நீல உடம்பு, சிவந்த மூக்கு. (அமுதாவின் புத்தகத்தில் அதற்கு நீலத்தாழைக்கோழி என்று மரியாதையான பெயர்.) அது ஒரு காலால் நெல் தாளைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகக் கதிரைக் கிழித்துத் தின்றது.

அது அடுத்த வளைவில் எங்கோ இருக்கிற வயல், கண்ணாடிதான் கிட்டத்தில் காட்டுகிறது என்பதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

"டுர்ர்ர்ர்ரா… ஹோஓஓஓஓய்! ஹா! ஹா! ஹோஓஓஓய்!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. யாரது இப்படிக் கத்துவது என்று நானே ஒரு கணம் திகைத்தேன். ஆனால் தொண்டை அதோடு நிற்கவில்லை. கை தானாகப் பைக்குள் போய் டின்னைத் தேடிற்று. டின் எங்கே இருக்கிறது? டிபன் டப்பா இருந்தது. அதை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கி, உள்ளங்கையால் டம் டம் டம் என்று அடித்தேன். மூன்றாவது அடியில் மூடி திறந்துகொண்டது. இட்லி பறந்தது.

இட்லிக்குப் பிறகு ஏரி பறந்தது.

வேறு எப்படிச் சொல்ல? தண்ணீரே எழுந்து போகிற மாதிரி இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த வாத்துகள் எல்லாம் ஒரே உதறலில் கிளம்பின. நாமக்கோழிகள் தண்ணீர்மேல் படபடவென்று ஓடின. கொக்கு, நாரை, நீர்க்காகம், பெயர் தெரிந்தது தெரியாதது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மோதுகிற மாதிரி மேலே போய் வானம் கறுத்தது. அந்தச் சிறகுச் சத்தம் மில் இரைச்சல் போல இருந்தது.

பிறகு சத்தம் அடங்கிற்று. ஏரியில் வெறும் தண்ணீர். கரையில் என்னைத் தவிர ஏழு பேர், ஒரு அதிகாரி, ஒரு வழிகாட்டி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு கையையும் தூக்கியபடி, டப்பாவோடு, எழவுச் சேலையில் நின்றேன்.

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார் சொல்தா. அவர் விரல் கேமரா பொத்தான்மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கேமரா மட்டும் கிர்ர் கிர்ர் என்று படம் எடுத்துக்கொண்டே இருந்தது.

அதிகாரி என் பக்கத்தில் வந்தார். அவருடைய உயரம் இன்னும் ஒரு அடி கூடிவிட்ட மாதிரி இருந்தது.

"யாரும்மா நீங்க? யாரு உங்கள கூட்டிட்டு வந்தது?"

"பேப்பர்ல பாத்தன்."

"பேப்பர்ல இப்படித்தான் கத்தச் சொல்லிப் போட்டிருந்துதா?"

நான் அமுதாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஒரு வருஷத்துப் படிப்பும், சுவர் முழுக்க ஒட்டின படமும் அந்த முகத்திலிருந்து இறங்கிப் போவது எனக்குத் தெரிந்தது. எப்படியாவது அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றிற்று. அதுவரை காது கேட்காத கிழவியாக இருந்தவள், வாயைத் திறந்தேன். திறந்த வாயை எங்கே மூடுவது என்று தெரியவில்லை.

"ஐயா, அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. அவ யாருன்னே எனக்குத் தெரியாது. அமுதான்னு ஒரு பொண்ண நான் பாத்ததே கெடையாது. நல்ல பொண்ணு, காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல, பசிக்கலன்னுட்டா. அவளுக்கு வேலைய குடுத்துடுங்க."

காலேஜ் பெண் ஒருத்தி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதிகாரி என் கையிலிருந்த டப்பாவின் மூடியை வாங்கினார். எங்கள் வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் கிடையாது. எந்த வீட்டில்தான் உண்டு? கொடுக்கிறவர் பெயர், வாங்குகிறவர் பெயர், எந்த விசேஷம் என்பதெல்லாம் புள்ளி புள்ளியாகப் பொறித்துத்தானே கொடுப்பார்கள். கைக்கு அகப்பட்டது என்று நான் எடுத்து வந்த டப்பா எது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் உயிர் பாதி போயிற்று.

அவர் மூடியை வெளிச்சத்தில் சாய்த்து, எழுத்துக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"செல்வி… அமுதா… மஞ்சள் நீராட்டு விழா… அன்பளிப்பு… தாய்மாமன் ஏழுமலை."

அமுதா கண்ணை மூடிக்கொண்டாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நான் காத்திருந்தேன். அது ஏரிக்கரை, கெட்டியான கரை, பிளக்கவில்லை.

"உங்க அம்மாவா?" என்றார் அதிகாரி, அமுதாவிடம்.

இல்லை என்று சொல்லிவிடு, டப்பாவைத் திருடி வந்துவிட்டேன் என்று சொல்லிவிடு என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஆமா சார். எங்க அம்மா. ஒரு ஆளு கொறஞ்சுது, நான்தான் வரச் சொன்னேன். அவங்க மேல தப்பு இல்ல." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் அப்படியே கீழ உக்காருங்க. யாரும் போகாதீங்க. அதுங்க திரும்பி வரும். எப்படி வருதுன்னு பாப்போம்."

புது மணப்பெண்ணிலிருந்து சொல்தா வரைக்கும் எல்லோரும் ஈர மண்ணில் உட்கார்ந்தார்கள். அதிகாரிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவரும் உட்கார்ந்தார்.

அமுதா மெதுவாகப் பேசினாள். தூர தேசத்திலிருந்து வந்தவை, திரும்பிப் போக உடம்பில் தெம்பு சேர்க்கத்தான் இங்கே தங்குகின்றன. நாம் ஒரு தடவை மிரட்டினால், சேர்த்த தெம்பில் கொஞ்சம் வீணாகப் போகிறது. அதனால்தான் சத்தம் கூடாது என்கிறோம். இப்போது கண்ணால் பார்த்துவிட்டீர்கள், இனி நான் சொல்ல வேண்டியதில்லை. இதைச் சொல்லும்போது என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

முதலில் ஒரு கொக்கு வந்தது. "உண்ணிக்கொக்கு" என்றாள் அமுதா. பிறகு நீர்க்காகங்கள் வந்து பட்ட மரத்தில் உட்கார்ந்தன. நாமக்கோழிகள் தூரத்தில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நீந்தி வந்தன. வாத்துகள் மட்டும் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தன. ஒரு தடவை தாழ்ந்து வரும், நம்பாமல் மேலே போகும். இறங்குங்களேன், இனி கத்த மாட்டேன், இறங்குங்களேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின.

எனக்கு வயது எழுபதைத் தொடப் போகிறது. சின்ன வயதில் அத்தனை வருஷம் பறவை விரட்டியிருக்கிறேன், விரட்டின பறவை திரும்பி வருவதை உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு கொக்கு திரும்பி வந்தாலும் நிலத்துக்காரர் வரப்பிலிருந்து திட்டுவார். திரும்பி வந்தால் எனக்குத் தோல்வி. அன்றைக்கு முதல் தடவையாக, ஒவ்வொன்று இறங்கும்போதும் எனக்கு நல்ல செய்தி வந்த மாதிரி இருந்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். (பனி அதிகம். அப்படித்தான் அந்த டீச்சரிடம் சொன்னேன்.)

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் இறங்கின பிறகு அமுதா அந்த வயலைக் கண்ணாடியில் பார்த்து, தோள் குலுங்கச் சிரித்துவிட்டாள். என் கையில் கொடுத்தாள். நான் எந்தக் கானாங்கோழிக்காக அந்த ஏரியையே எழுப்பினேனோ, அது மட்டும் பறக்கவே இல்லை. அதே இடத்தில் நின்று அடுத்த கதிரைக் கிழித்துக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் நான் எல்லோருக்கும் பின்னால் நடந்தேன். அதிகாரி மூடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"அம்மா, இன்னொரு தடவ நீங்க உள்ள வரணும்னா, டப்பாவ வாசல்ல வெச்சுட்டு வாங்க."

"சரிங்க. வேல…?"

"சொல்லி அனுப்புறோம்" என்றார்.

அந்த வார்த்தையை ஏற்கெனவே ஐந்து தடவை கேட்டிருக்கிறோம். வீட்டுக்கு வந்து மூன்று நாள் நான் அமுதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. நான்காவது நாள் சொல்லி அனுப்பினார்கள். நிஜமாகவே சொல்லி அனுப்பினார்கள். பறவை பெயர் யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்யலாம், கூட்டத்தை முக்கால் மணி நேரம் சேற்றில் பேசாமல் உட்கார வைக்கிறவள் வேண்டும் என்றாராம் அந்த அதிகாரி.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் சொல்தாவின் கேமரா இருக்கிறதே. அவர் அன்றைக்கு எடுத்ததில் பறவைப் படம் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. அதிர்ச்சியில் கேமரா திரும்பிவிட்டதாம். அழகாக விழுந்தது ஒரே ஒரு படம். வாயைப் பிளந்துகொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, கை இரண்டையும் தூக்கிக்கொண்டு, நான். அதை அவர் பிரேம் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து, "மதாமுக்கு" என்று கொடுத்தார். பெரிய மகள் அதைப் போனில் எடுத்து உறவுக்காரர் எல்லோருக்கும் அனுப்பினாள். கனகசெட்டிக்குளத்தில் இருக்கிற என் தம்பி ஏழுமலை உடனே கூப்பிட்டான். "யக்கா, நான் குடுத்த டப்பா இன்னா ஸ்ட்ராங்கு பாத்தியா!"

அதிகாரிக்கும் படம் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து ஏரி வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். முகம் தெரியாமல் நிழல் மாதிரி வரைந்த ஒரு பொம்பளை உருவம். கை இரண்டும் மேலே. ஒரு கையில் டப்பா. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கீழே, "அமைதி காக்கவும்." வரைந்தவர் நேர்மையான மனுஷர் போலிருக்கிறது. படத்தில் இருந்த எதையும் விடவில்லை. டப்பாவுக்கு மேலே, வானத்தில், ஒரு சின்ன வெள்ளை வட்டத்தையும் வரைந்துவிட்டார்.

மாதம் ஒரு தடவை நானும் போகிறேன். டப்பாவை வாசலில் வைத்துவிட்டு, அமுதாவின் கூட்டத்துக்குக் கடைசியில் நடப்பேன். போன மாதம் ஒரு வெளியூர் அம்மா அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, அமுதாவிடம் கேட்டாள்:

"அந்த வெள்ளையா மேல போறது இன்னா பறவைம்மா?"

அமுதா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "அது இட்லிங்க" என்றாள்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் மண் நிறச் சேலையைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"நீங்க எப்படிம்மா இங்க வந்தீங்க?" என்று மெதுவாக என்னைக் கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேப்பர்ல பாத்தன்."